கொட்டகையின் சாவி யாரிடம்?

(பழைய நாடகக் கொட்டகைகளைப் பழுதுபார்த்துப் பொதுக் கலைமன்றமாக்குவது பற்றித் திருநெல்வேலியில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், பழைய நாடகக் கொட்டகைகளைப் பழுதுபார்த்து ஊருக்குப் பொதுவான கலைமன்றங்களாக ஆக்குவது என்பதாகும். தலைவரவர்கள் தமது முன்னுரையில், இது எல்லாக் கட்சியாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயமென்றும், இதில் சண்டைக்கே இடமில்லை என்றும் சொன்னார்கள். சண்டைக்கு இடமில்லாத விஷயத்தைப் பேச நம்மை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. (சிரிப்பு)

கட்டடத்தைப் பழுதுபார்ப்பதில் சண்டை இல்லை என்பது வாஸ்தவம்தான். கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி கொடுத்தால் வேலை நடந்துவிடும். ஆனால் பழுதுபார்த்து முடித்த மறுநாள் அதன் சாவி யாரிடம் இருக்கும், அதன் மேடையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று யார் சொல்வது என்று கேட்டுப்பாருங்கள். அப்போது தெரியும், சண்டைக்கு இடமுண்டா இல்லையா என்பது. அதைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

இந்த ஜில்லாவுக்கும் நாடகத்துக்கும் உள்ள சம்பந்தம் கொஞ்சநஞ்சமல்ல. நாடகக்காரர்கள் இன்றும் தலைமையாசிரியர் என்று கொண்டாடுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1891-ல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இவ்வூர் இந்து கலாசாலையில் வேலை பார்த்தவர். அவர் பெயரால் இன்று இங்கே ஒரு சர்வகலாசாலையே இருக்கிறது. பாட்டுக்கென்றே ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்த கிட்டப்பா செங்கோட்டைக்காரர். 1933-ல் இருபத்தேழு வயதிலேயே மாண்டுபோனார். இவ்வளவு பேரைப் பெற்ற சீமையில், இன்றைக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு நாடகத்துக்குப் பத்து நாள் ஒத்திகை பார்ப்பதற்கு, வாடகைக்குப் பயப்படாமல் ஒரு கூரை கிடைப்பது எவ்வளவு கஷ்டமென்று இங்கு வந்திருக்கும் கலைத் தொழிலாளித் தோழர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

கொட்டகைகள் எப்படிப் போயின என்பது எல்லோரும் கண்ணால் கண்டதே. 1931-ல் தமிழில் பேசும்படம் வந்தது. நாடகம் நடந்த கொட்டகைகளில் மேடைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டி டாக்கி காட்ட ஆரம்பித்தார்கள். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராய்க் கலைந்தன. அப்புறம் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. இப்பொழுது சட்டைப்பையிலேயே சினிமா வந்துவிட்டது. டாக்கி கொட்டகைகளும் மூடிக்கிடக்கின்றன. சில கல்யாண மண்டபமாயின. சில ஜவுளிக்கடையாகவும் சரக்குக் கிடங்காகவும் ஆயின. சில இடிபட்டு வண்டி நிறுத்துமிடமாயின. இன்னும் இடிபடாமல் நிற்கிற பழங் கொட்டகை ஏதாவதொன்றில் திரையைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால், மர மேடையும், பக்கத்துத் தட்டிகள் நின்ற இடமும், வேஷம் போடும் அறையும் வௌவால் எச்சத்துக்கு நடுவே அப்படியே இருந்தாலும் இருக்கும். அதை மறுபடியும் எழுப்ப வேண்டுமென்று வாலிபத் தோழர்கள் ஆசைப்படுவது மிகவும் நியாயமான ஆசை. அதற்கு நாம் எதிரியல்ல.

ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்களின் கதை மற்ற இடங்களில் எப்படி நடந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் மாகாணத்திலேயே பெரிய உதாரணம் சென்னை விக்டோரியா பொது மண்டபம். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அஸ்திவாரக்கல் வைத்தார். சிஷோம் என்னும் வெள்ளைக்காரர் படம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1886-ல் முனிசிபாலிட்டியானது 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 99 வருஷத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. எட்டணா என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரார் வரி கொடுக்கிற முனிசிபாலிட்டி நிலம், அதற்கு எட்டணா. அதன் பெயரும் ‘பொது’ மண்டபம்.

அந்தப் பொது மண்டபத்தில் நடித்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் சேர்ந்து நடித்தார்கள். அவர்கள் செய்ததை நாம் குறைவாகச் சொல்லவில்லை. நடிப்பது என்றாலே இழிதொழில் என்றிருந்த காலத்தில், படித்தவர்கள் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு வந்து நின்றதற்கும் ஒரு தைரியம் வேண்டும்; சம்பந்த முதலியார் எழுதிக் குவித்த நாடகங்களும் சாமானியமல்ல. ஆனால் அதன் பலன் யாருக்குப் போயிற்று? சம்பளம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நடித்தவருக்குக் கலைஞர் என்று பெயர். அதே நாடகத்தை வயிற்றுக்காக ஊர் ஊராய்ப் போய் நடித்தவனுக்குக் கூத்தாடி என்று பெயர். மேடை ஒன்றுதான், வேஷமும் ஒன்றுதான். கூலி வாங்கினால் கேவலம், வாங்காவிட்டால் கௌரவம்! இது எந்த ஊர் நியாயம்? உழைக்கிறவன் கீழ்ஜாதி, உழைக்காமல் சாப்பிடுகிறவன் மேல்ஜாதி என்ற அதே நியாயம்தான், கொட்டகைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு அந்த மண்டபம் என்னவாயிற்று? 99 வருஷக் கெடு முடிந்தது. கட்டடம் யாருடையது என்று நியாயஸ்தலத்தில் வழக்கு நடந்தது. எத்தனையோ வருஷம் பூட்டிக்கிடந்தது. கடைசியாக 2023-ல் சென்னைக் கார்ப்பரேஷன் சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பில் மராமத்து வேலையைத் தொடங்கிற்று. அந்தப் பணம் மகாராஜாக்கள் பணமல்ல. மீன் விற்கிறவளும், ரிக்‌ஷா இழுத்தவன் பேரனும் கொடுக்கிற வரிப்பணம். ஆகவே பழைய கட்டடத்துக்குப் புது வெள்ளை அடிக்கும்போது, பழைய எட்டணா சலுகை இனி யாருக்கு என்று கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமையுண்டு. இங்கே நம் ஊரிலும் அதையேதான் கேட்கிறோம்.

இன்னொரு உதாரணம் சொல்லுகிறோம். இது கல்கத்தாவில் நடந்தது. பினோதினி என்று ஒரு நடிகை இருந்தாள். தாசி குலம் என்று தள்ளிவைக்கப்பட்ட வீட்டில் பிறந்து, சிறு பிராயத்திலேயே மேடையேறி, வங்காளத்தையே ஆட்டி வைத்தவள். 1883-ல் அவளிருந்த கம்பெனிக்குச் சொந்தக் கொட்டகை வேண்டியிருந்தது. ஒரு பணக்கார வாலிபன் அவளை விரும்பி, அவளுக்காகப் பணம் போட முன்வந்தான். தனக்கென்று பணத்தை வாங்கிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவளோ, கொட்டகை கட்டிக்கொடு என்று கேட்டாள். கொட்டகைக்கு உன் பெயரையே வைப்போம் என்று கூட இருந்தவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். கட்டட வேலை நடந்தபோது அவளும் மண் சுமந்தாள். பத்திரம் பதியும் நாள் வந்தது. இப்படிப்பட்டவள் பெயரை வைத்தால் கௌரவமான ஜனங்கள் வரமாட்டார்கள் என்று சொல்லி, ‘ஸ்டார்’ என்று பதிந்துவிட்டு வந்துவிட்டார்கள். நாலைந்து வருஷத்துக்குள் அவள் மேடையை விட்டே போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

அவள் மண் சுமந்த கட்டடம் கைமாறிப்போயிற்று. கம்பெனியார் 1888-ல் ஹாத்திபாகானில் வேறு கொட்டகை கட்டி, அதற்கும் ஸ்டார் என்றே பெயர் வைத்தார்கள். அது நூறு வருஷம் கடந்து, 1990-களில் தீப்பிடித்து எரிந்தது. கல்கத்தாக் கார்ப்பரேஷன் முன்முகப்பைப் பழையபடி வைத்து, உள்ளே புதிதாகக் கட்டித் திறந்தது. பெரும்பாலும் சினிமாதான் நடந்தது. 2024 டிசம்பரில்தான் அந்தக் கொட்டகைக்குப் பினோதினியின் பெயரை வைப்பதாக வங்காள சர்க்கார் அறிவித்தார்கள். வாக்குக் கொடுத்து 141 வருஷம் ஆயிற்று. அவள் செத்தே 83 வருஷம் ஆயிற்று. எரிந்த கூரையை எழுப்பப் பத்துப் பன்னிரண்டு வருஷம் போதும். எழுதாமல் விட்ட ஒரு பெயரை எழுத ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருக்கிறது. பழைய கட்டடத்தைப் பழையபடியே ஆக்க வேண்டுமென்று பேசுகிற நிபுணர்களை நாம் கேட்கிறோம்: பழையபடி என்றால் எந்தப் பழையபடி? பினோதினியை வெளியே நிறுத்திய பழையபடியா?

வங்காளத்தை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவோம். 1886-ல் சிவகாசியில் விஸ்வநாத தாஸ் பிறந்தார். அன்றைக்குச் சிவகாசியும் இந்தத் திருநெல்வேலி ஜில்லாதான். பிறப்பில் மருத்துவர், அதாவது ஊரார் அம்பட்டன் என்று இழிவாய்ச் சொல்லுகிற ஜாதி. அவருடைய குரலைக் கேட்க ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். வெள்ளைக்கார சர்க்கார் அவரைப் பலமுறை பிடித்து ஜெயிலில் போட்டது. சர்க்கார் பிடித்ததாவது அவர் பாட்டுக்குப் பயந்து. ஆனால் நம்மவர்கள் செய்தது என்ன? அவர் ஜாதியைச் சொல்லி, அவருடன் ஜோடியாய் நடிக்க மாட்டோமென்று மறுத்தவர்கள் இருந்தார்கள். முருகனாகவும் ராமனாகவும் அவர் வேஷம் போட்டு வந்தால் கும்பிடுவார்கள். வேஷத்தைக் கலைத்தால் ஜாதி கேட்பார்கள்! 1940 டிசம்பர் 31-ந்தேதி சென்னையில் மேடையிலேயே, மயில்மேல் முருகனாய் உட்கார்ந்த நிலையிலேயே அவர் உயிர் போயிற்று.

டிக்கட்டுக்குக் காசு கொடுத்தாலும் பஞ்சமருக்கு இடமில்லையென்று நாடக நோட்டீசில் அச்சிட்ட காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1955-ல் சட்டம் வந்து, பொதுக் கேளிக்கை இடங்களில் தீண்டாமை காட்டினால் தண்டனை என்று ஆயிற்று. ஆகையால் வாசலில் டிக்கட்டு கிழிக்கிறவன் இன்று ஜாதி கேட்பதில்லை. சந்தோஷந்தான். ஆனால் சட்டம் தரை டிக்கட்டு வரையில்தான் வந்தது. கமிட்டி அறை வரையில் வரவில்லை. யாருக்கு மேடை கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களே, அங்கே எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை.

பொதுப் பணத்தில் நடப்பதெல்லாம் தானாகவே பொதுவாகிவிடும் என்று யாராவது நம்பினால், அவர்கள் இங்கிருந்து ரயிலேறி அரைமணி நேரத்தில் சேரன்மாதேவிக்குப் போய் இறங்கிப் பார்க்கலாம். 1922-ல் வ.வெ.சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். தமிழ்நாட்டிலும் கடல்கடந்தும் உள்ள தமிழர்கள், எல்லா ஜாதியாரும் பணம் கொடுத்தார்கள். காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் தருவதாய்ச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. கடைசியில் பார்த்தால் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு, மற்றவர்களுக்குத் தனியே சாப்பாடு! டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் மற்றவர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பணம் பொது, பந்தி மாத்திரம் வேறா? ஐயர் தேசத்துக்காக எவ்வளவோ கஷ்டப்பட்டவர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1925-ல் மகளைக் காப்பாற்றப் போய்ப் பாபநாசத்து அருவியில் தம் உயிரையே கொடுத்தார். அப்படிப்பட்ட யோக்கியர் நடத்திய இடத்திலேயே அது நடந்ததென்றால், நடத்துகிறவருடைய நல்ல மனசை மாத்திரம் நம்பி ஒரு ஸ்தாபனத்தை விடக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும்.

என்ன எழுதுவது? அதைச் சொல்லுவதற்குமுன் இந்தத் தாம்பிரபரணிக் கரையில் யார் கலைஞர்கள் என்று பார்க்க வேண்டும். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றோரம் நடந்து போனால், சபா மேடையில் ஒருநாளும் ஏறாத கலைகள்தான் அதிகம். வில்லுப்பாட்டு இருக்கிறது. தோற்பாவைக்கூத்து இருக்கிறது. கரகமும் நையாண்டி மேளமும் இருக்கின்றன. இவற்றில் வில்லுப்பாட்டுக்காவது என்.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் எடுத்து நடத்தியதால் பட்டணத்தில் ஒரு மரியாதை வந்தது. கணியான் கூத்துக்கு அதுவும் வரவில்லை.

கணியான் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்ணாவி ஒருவர் நின்று கதை பாடுவார். இருவர் மகுடம் அடிப்பார்கள். பெண் வேஷத்தில் ஆண்கள் ஆடுவார்கள். அந்த மகுடம் இருக்கிறதே, ஒன்றைத் தீயில் காய்ச்சி உச்சமாகவும் ஒன்றை மந்தமாகவும் வைத்துக்கொண்டு அடிக்கும்போது, பக்கவாத்தியம் என்று சபைகளில் கேட்கிறதெல்லாம் நமக்கு மறந்துபோகும். (கைதட்டல்) ஆனால் இவ்வளவும் சுடலைமாடன் கோயில் கொடையில்தான் நடக்கும். கொடை நடக்கிற சில மாதம் போனால் வேலையில்லை. அதுமட்டுமா? கொடையில் கைவெட்டு என்று ஒன்று உண்டு. பாடிக்கொண்டிருக்கிற கணியானே கத்தியெடுத்துத் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்க வேண்டும். கேட்டால் சாமிக்கு என்பார்கள். சாமிக்கு ரத்தம் வேண்டுமென்றால் கொடை நடத்துகிற பெரியதனக்காரர் கையைக் கீறிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதோ? கூலிக்குப் பாட வந்தவன் ரத்தந்தான் ருசிக்குமோ? அந்தக் கணியானுக்கு ஒரு மேடையும் கூலியும் சீசனுக்கு வெளியே கிடைக்குமானால், அவன் தன் கலையை மாத்திரம் விற்கலாம். ரத்தத்தை விற்க வேண்டியதில்லை. பழைய கொட்டகையைப் பழுதுபார்ப்பதனால் உண்டாகிற பிரயோஜனம் என்று நாம் முதலில் நினைப்பது இதைத்தான்.

இனி வேலைக்கு வருவோம். பழங் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில் நின்றவை. அவசரத்துக்குச் சிமெண்டு பூசுகிறார்கள். பூசினால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே தின்றுவிடும். சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் தெரிந்த வயதான கொத்தனார்களைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் நாலு வாலிபர்களை வேலைக்கு விடவேண்டும். அந்தக் கைவேலையும் ஒரு கலைதான். அதற்கு மாத்திரம் யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒருநாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியதும், ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆறாய்ப் போனதும் உங்களுக்கு மறந்திராது. ஆகையால் மின்சாரப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும். 1979-ல் தூத்துக்குடியில் சினிமாக் கொட்டகை தீப்பிடித்து ஏராளமான பேர் மாண்டார்கள். அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்துகொண்டு வாசலைக் குறுக்கிக் கட்டுவது மடத்தனம். பெண்களுக்கு வேஷம் போடத் தனி அறையும் கக்கூசும் முதலில் கட்டுங்கள், முகப்பு வளைவைப் பிறகு கட்டலாம். அந்த அறை இல்லாததனாலேயே எத்தனை பெண்கள் நாடகமே வேண்டாமென்று போனார்கள் என்பதை அவர்களைக் கேளுங்கள். திறப்பு விழாவன்று ஹோமம் வளர்த்துப் புதுச் சுவரில் புகை ஏற்றாதிருந்தால் வெள்ளையடித்த கூலியாவது மிச்சம். (சிரிப்பு)

போலீசு விஷயம் ஒன்று. 1876-ல் வெள்ளைக்காரன் நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டான். அவன் போனபிறகு, எம்.ஆர். ராதாவின் நாடகங்களைப் பொறுக்கமாட்டாமல் 1954-ல் நம் சென்னை சர்க்காரே ஒரு சட்டம் போட்டார்கள். அது செல்லாதென்று 2013-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகையால் கதையை முன்கூட்டிக் காட்டி உத்தரவு வாங்க வேண்டுமென்று எந்தக் கமிட்டியாவது தானாகவே ஒரு விதி எழுதுமானால், ஹைகோர்ட்டு எடுத்தெறிந்த விலங்கை அவர்கள் பொறுக்கி மாட்டிக்கொள்ளுகிறார்கள் என்றுதான் அர்த்தம். நமக்குப் பிடிக்காத நாடகமும் அங்கே நடக்கட்டும். ராமாயணக் கதை நடக்கட்டும்; அடுத்த நாள் அதைக் கேள்வி கேட்கிற நாடகமும் அதே வாடகையில் நடக்கட்டும்.

வாடகை என்று சொன்னதனால் அதையும் சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட மண்டபங்கள் கெட்டுப்போவது கலகத்தாலல்ல, கல்யாணத்தால். முகூர்த்த நாளுக்கு மண்டபத்தை விட்டால் கைநிறையப் பணம் வருகிறது. ஆகவே முதலில் முகூர்த்தத்துக்கு மாத்திரம் என்பார்கள், பிறகு நாடகம் முகூர்த்தமில்லாத நாளுக்கு மாத்திரம் என்றாகும், கடைசியில் நாடகமே இராது. கல்யாணத்துக்கு விடுவதில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வெளியூர்ப் பெரிய கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும் முழு வாடகை போடுங்கள். கலைத்தொழிலால் பிழைக்கிறவர்களுக்கும், தொழிலாளர் சங்கங்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பழைய விக்டோரியா மண்டபத்துக்காரர்களுக்குக் கொடுத்த எட்டணாவைக் கொடுங்கள். காலை நேரத்தில் ஒத்திகைக்கு வாடகையே வேண்டாம்.

கமிட்டியில் பாதிப்பேர் மேடையில் நின்று கூலி வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். அதில் பெண்களும், கணியானும், பறையடிக்கிறவரும் இருக்க வேண்டும். நன்கொடை அதிகம் கொடுத்தவர் என்பதற்காக யாருக்கும் ஆயுள் பதவி கூடாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மேடை கேட்டு வருகிறவர்கள் பெயரையும் தேதியையும் ஒரு புஸ்தகத்தில் வரிசையாய் எழுதி, மறுத்தால் மறுத்த காரணத்தையும் அதே வரியில் எழுதி, அந்தப் புஸ்தகத்தை வாசலில், டிக்கட்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி சங்கிலி போட்டுக் கட்டிவைக்க வேண்டும்.